சாம்பலில் கை வைத்துப் பார்த்தீர்களா?

மழையற்ற மாசி மாதத்தில் ஹெந்தளைவாசிகளுக்குப் பழகிப்போன மணம் ஒன்று உண்டு. மாலை நேரத்தில் வடக்கிலிருந்து வரும் அந்தப் புகை மணம் விறகடுப்புப் புகையைப் போன்றதன்று. குப்பை எரியும் நாற்றமுமன்று. ஈர மண்ணை வறுத்தாற்போல இருக்கும். முத்துராஜவெல சதுப்பு நிலத்தில் எங்கோ நாணலும் புல்லும் எரிகின்றன என்பதை அதைக்கொண்டே அறிந்துகொள்வோம். சில நாட்களில் யன்னல்களை மூடிவிட்டுத்தான் உறங்கவேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஆஸ்த்துமா நோயுள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அன்றிரவு விளக்கு அணைவதில்லை.

அப்படியான ஒரு மாலையில், ஹமில்டன் கால்வாயில் நெடுங்காலம் தோணி ஓட்டிய என் அயலவர் ஒருவரிடம், "தீயணைப்புப் படை வந்துவிட்டதாம், இனி அணைந்துவிடுந்தானே?" என்று கேட்டேன். எழுபதைக் கடந்த அவர் தலையை ஆட்டினார். "மேல எரியிறது அணைஞ்சிரும் தம்பி. கீழ எரியிறதுதான் அணையாது. தண்ணிய மேல ஊத்தி என்ன செய்ய?" என்றார்.

அவர் சொன்னது அறிவியல். முத்துராஜவெல ஏறத்தாழ 3,000 எக்டேர் பரப்புள்ள கரையோரச் சதுப்பு நிலம். பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கியும் மக்காமலும் அடுக்கடுக்காகப் படிந்த தாவர எச்சங்களே அதன் மண். ஆங்கிலேயர் 'பீற்' என்று அழைக்கும் இந்த முற்றா நிலக்கரி நீரில் மூழ்கியிருக்கும்வரை எரியாது. நீர்மட்டம் இறங்கினால் அதுவே எரிபொருளாகிவிடும். மேலே புல் எரிந்து முடிந்த பின்னரும் மண்ணுக்கடியில் கனல் பல நாட்கள் ஊர்ந்து செல்லும்.

அயலவரின் சொற்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக என் மனத்தில் கிடக்கும் இன்னொரு கேள்வியைக் கிளறிவிட்டன. காட்டுத்தீ பற்றிய சட்டங்களின் வரலாற்றை இங்கு எழுத முற்படுவதற்கு அந்தக் கேள்வியே காரணம். ஆதலால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஹந்தானையில் ஓர் இரவு

1990களின் தொடக்கத்தில் நான் பேராதனையில் கலைப்பீட மாணவன். வளாகத்துக்கு மேலே ஹந்தானை மலைத்தொடர். விடுமுறை நாளொன்றில் நண்பர்கள் ஆறுபேர் மலையேறினோம். பங்குனி மாத வெயிலில் மானாப் புல் இடுப்பளவு உயரத்துக்குக் காய்ந்து நின்றது. உச்சிக்குக் கீழே ஒரு மேட்டில் மூன்று கற்களைக் கூட்டி, சுள்ளி பொறுக்கி, தேநீர் காய்ச்சினோம். பாடினோம். இறங்கும்போது எஞ்சியிருந்த தேநீரை நெருப்பில் ஊற்றினேன். சீறலோடு புகை எழுந்தது. அணைந்துவிட்டது என்று நினைத்தேன்.

அன்றிரவு விடுதி மாடத்திலிருந்து பார்த்தபோது மலைச்சரிவில் ஒரு செந்நிறக் கோடு நெளிந்து மேலேறிக்கொண்டிருந்தது. அழகாயிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். நாங்கள் ஆறுபேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், வாய் திறக்கவில்லை.

விடிந்ததும் நானும் இன்னொருவனும் மேலே போனோம். தோட்டத்துத் தொழிலாளர் பத்துப் பதினைந்து பேர் நள்ளிரவு முதல் அங்கு நின்றிருந்தார்கள். பச்சை இலைக் கொப்புகளை ஒடித்துத் தீயை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஓங்கி அடிக்கவில்லை, ஓங்கி அடித்தால் பொறி பறக்கும். கொப்பைத் தீயின் மேல் வைத்து அழுத்தி, கரிந்த பக்கமாக இழுத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் மண்வெட்டியால் புல்லை வேரோடு செதுக்கி, வெறும் மண்ணாக ஓர் ஒற்றையடிப் பாதையை உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் சேர்ந்துகொண்டோம். நண்பகலில்தான் தீ அடங்கியது.

களைத்து உட்கார்ந்திருந்த வேளையில், முந்தைய நாள் நாங்கள் தேநீர் காய்ச்சியதை ஒரு முதியவரிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. "தம்பி, சாம்பல்ல கைய வச்சுப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "கை பொறுக்காட்டி அது அணையல. தண்ணி ஊத்தணும், கிளறணும், திரும்ப ஊத்தணும். அப்புறம் கைய வைக்கணும்" என்றார்.

அந்தத் தீ எங்கள் அடுப்பிலிருந்துதான் பரவியதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அது நாங்கள் இருந்த சரிவுதான் என்பது மட்டும் தெரியும். பின்னாளில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்து, ஊவாவிலும் கண்டியிலும் காட்டுத்தீ பற்றிய செய்திகளை எழுதியபோதெல்லாம் 'இனந்தெரியாதோர் வைத்த தீ' என்ற வழக்கமான சொற்றொடரைத் தட்டச்சில் கொடுக்கக் கை கூசியிருக்கிறது. வளர்ந்த நாடுகளின் வனத்துறைகள் இன்று பிரசுரமாக அச்சிட்டு வழங்கும் விதியும் அந்த முதியவர் சொன்னதே: நனை, கிளறு, மீண்டும் நனை, தொட்டுப் பார். எழுத்தறிவில்லாத அவருக்கு அது தெரிந்திருந்தது; பல்கலைக்கழகத்தில் படித்த எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் சட்டம் ஐயத்தோடு பார்த்தது என்னையன்று, அவரையே. அது எப்படி நேர்ந்தது?

எரித்தவர்கள் யார்?

இலங்கையின் காட்டுத்தீ ஏறத்தாழ முழுவதும் மனிதக் கையால் நேர்வது. எங்கள் நாட்டில் மின்னல் பெரும்பாலும் மழையோடு வருவதால், மேலைநாடுகளைப்போல மின்னலால் காடு பற்றுவது அரிது. மேய்ச்சலுக்குப் புதுப்புல் வேண்டுவோர், வேட்டைக்காரர், சேனைப் பயிர் செய்வோர், அணையாத துண்டு வெண்சுருட்டை எறிவோர், என்னைப்போல் தேநீர் காய்ச்சுவோர் என்று காரணர் பலர். ஊவாவில் ஆனி முதல் புரட்டாதி வரையும், மத்திய மலையின் மேற்குச் சரிவில் தை முதல் பங்குனி வரையும் இந்தத் தீயின் பருவம்.

எனினும் இந்நாட்டின் மலைக்காடுகள் கண்ட மிகப்பெரிய தீ சட்டத்தின் அனுமதியோடு மூட்டப்பட்டது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடுகளும் தரிசுகளும் பயிரிடப்படாத நிலங்களும் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியவை என்று அனுமானித்தது. கிராமத்தவர் சுழற்சி முறையில் பயிரிட்டுவந்த சேனைகளும் இந்த வலையில் வீழ்ந்தன. அவ்வாறு முடிக்குரியதான நிலம் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டது.

கோப்பித் தோட்டம் உருவான முறையை அக்காலத்து நூல்கள் விவரிக்கின்றன. சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி மரங்களைப் பாதியளவு வெட்டிக்கொண்டே போவார்கள். உச்சிவரிசை மரங்களை முழுதாக வெட்டிச் சாய்த்ததும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து மலைச்சரிவு முழுவதும் சரியும். சில வாரங்கள் காயவிட்டுப் பின் எரிப்பார்கள். வெட்டும் வேலையைப் பெரும்பாலும் அயலிலிருந்த சிங்களக் கிராமத்தவர் ஒப்பந்தத்தில் செய்தார்கள். எரிந்து ஆறாத நிலத்தில் குழி வெட்டிக் கன்று நட்டவர்கள் தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்த எம்மவர். 1870களின் இறுதியில் கோப்பி இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் பரந்திருந்தது. அந்தப் பரப்பிற் பெரும்பகுதி இந்த முறையில் நெருப்புக் கண்டது. அதை எவரும் 'காட்டுத்தீ' என்று எழுதவில்லை. 'நிலம் திருத்தல்' என்று எழுதினார்கள்.

விளைவுகள் தெரியத் தொடங்கியபின்தான் அச்சம் வந்தது. இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்காது காக்கவேண்டும் என்று 1873 இல் வலியுறுத்தினார். நீரும் காலநிலையும் கெடும் என்பது அவர் வாதம். 1882 இல் வின்சென்ற் என்ற வன அதிகாரி இலங்கைக் காடுகள் பற்றிய விரிவான அறிக்கையைச் சமர்ப்பித்தார். 1885 இல் 10 ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டம் வந்தது; 1887 இல் வனத் திணைக்களம். 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது. 2009 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் அதன் பெயர் வனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம்.

ஆக, காட்டில் தீ வைப்பது குற்றம் என்ற விதி ஏட்டில் ஏறியபோது பெருந்தீ மூட்டியவர்களின் வேலை முடிந்துவிட்டிருந்தது. கோப்பி இலைநோயால் மடிந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. எஞ்சி நின்றவர்கள் சேனைக்காரனும் மாடு மேய்ப்பவனும் விறகு பொறுக்கும் தோட்டத்துப் பெண்ணுமே. விதி இவர்களை நோக்கியதாயிற்று.

உரிமையில்லாதவனுக்குக் கடமை

இது இலங்கைக்கு மட்டும் உரிய கதையன்று. இந்தியாவில் ஒழுங்குமுறையான தீத்தடுப்பு 1860களில் மத்திய மாகாணத்துப் போரிக் காட்டில் கேணல் பியர்சன் என்பவரின் முயற்சியில் தொடங்கியது. காட்டைச் சுற்றிலும் ஊடாகவும் அகன்ற பட்டிகளாகப் புல்லையும் சருகையும் அகற்றிவிடுவது அவருடைய முறை. இன்று தமிழக வனத்துறையினர் ஆண்டுதோறும் வெட்டும் 'தீத்தடுப்புக் கோடுகள்' அதன் வழிவந்தவை. 1882 ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், ஒதுக்கப்பட்ட காட்டில் தீ மூட்டுவதையும், காட்டுக்கு ஆபத்து நேரும்படி தீயை எரியவிட்டுச் செல்வதையும் தண்டனைக்குரியதாக்கியது.

இவ்விதச் சட்டங்களில் இன்னொரு பிரிவும் உண்டு. 1927 ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தில் அது 79 ஆம் பிரிவு. காட்டில் மேய்க்கவோ விறகெடுக்கவோ உரிமையோ அனுமதியோ பெற்ற ஒவ்வொருவரும், காட்டில் தீ கண்டால் அறிவிக்கவும் அணைக்கவும் அதிகாரிக்கு உதவவும் கடமைப்பட்டவர் என்று அது கூறுகிறது. படிப்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் நடைமுறையில் ஒரு கையால் காட்டைப் பறித்துவிட்டு, மறு கையால் 'வந்து அணை' என்று அழைப்பதாகவே அது கிராமத்தவனுக்குப் பட்டது. தன்னுடையதென்று அவன் எண்ணிய காட்டின் தீயை அணைக்க அவனுக்குச் சட்டம் வேண்டியிருக்கவில்லை. தன்னுடையதல்ல என்று ஆக்கப்பட்ட காட்டின் தீயை அணைக்கச் சட்டம் போதவில்லை.

மேலும், எல்லாத் தீயும் பகையன்று என்பதை அதிகாரிகள் காலந்தாழ்த்தியே கற்றார்கள். பர்மாவின் ஈரத் தேக்குக் காடுகளில் தீயை முற்றாக விலக்கியதும் தேக்கு முளைப்பது குறைந்து மூங்கிலும் புதரும் மண்டின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வன அதிகாரிகள் சிலரே இதை எழுதத் தொடங்கி, பின்னர் அங்கு தீத்தடுப்பு தளர்த்தப்பட்டது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர், கோடை உச்சமாகுமுன் தரையோடு தவழும் சிறு சருகுத் தீயை மூட்டும் வழக்கமுடையவர்கள். அது தடுக்கப்பட்ட பின்னரே உண்ணிச்செடி காட்டை மூடியதென்பது அவர்களுடைய முறைப்பாடு. உண்ணிச்செடி மண்டிய காட்டில் பற்றும் தீ தரையில் தவழாது. மரத்தின் தலைவரை ஏறும்.

எங்கள் மலைநாட்டிலும் இதற்கு ஒத்த பாடம் உண்டு. தேய்ந்துபோன தேயிலை நிலங்களிலும் பத்தனாப் புல்வெளிகளிலும் 1970களிலும் 1980களிலும் கரிபியன் பைன் மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. மண்ணரிப்பைத் தடுப்பது நோக்கம். பைன் ஊசியிலை எளிதில் மக்காது, மெத்தைபோலக் கிடந்து காயும், பிசினும் உண்டு. ஹந்தானையிலோ ஊவாவிலோ பைன் காட்டினூடே கோடையில் நடந்தவர்களுக்கு அதன் வழுக்கலும் சரசரப்பும் நினைவிருக்கும். விழுந்த ஓர் எரிகுச்சிக்கு அது போதும்.

கையிலிருக்கும் கருவி

காட்டுத்தீயைப் பற்றிப் பேசும்போது நாங்கள் உலங்குவானூர்தியையும் அதன் கீழே தொங்கும் நீர்த்தொட்டியையும் நினைக்கிறோம். பத்திரிகைகளும் அந்தப் படத்தையே வெளியிடும். நானும் தெரிவு செய்திருக்கிறேன். ஆனால் தரையில் நின்று தீயை முடித்துவைப்பவை எளிய கருவிகளே.

1910 ஆவணியில் அமெரிக்காவின் ஐடகோ, மொன்ரானா மாநிலங்களில் இரண்டே நாட்களில் ஏறத்தாழ 30 இலட்சம் ஏக்கர் காடு எரிந்தது. எட் புலாஸ்கி என்ற வனக்காவலர் தம்மோடிருந்த நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கைவிடப்பட்ட சுரங்கமொன்றுக்குள் இட்டுச்சென்று, அவர்களிற் பெரும்பாலோரைக் காப்பாற்றினார். அதன்பின் அவர் தம் பட்டறையில் ஒரு கருவியைச் செப்பனிட்டார்: ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் மண்வெட்டி, ஒரே பிடி. வேரை வெட்டவும் மண்ணைச் செதுக்கவும் ஒன்றே போதும். 'புலாஸ்கி' என்ற பெயரில் அது இன்றும் உலகெங்கும் தீயணைப்போர் கையில் இருக்கிறது.

அதன் தத்துவத்தை நான் ஹந்தானையில் கண்டிருந்தேன். தீக்கு வேண்டியவை மூன்று: எரிபொருள், வெப்பம், காற்று. மலையில் தண்ணீர் இல்லாவிட்டால் வெப்பத்தைத் தணிக்க இயலாது. காற்றைத் தடுப்பதும் சிறு சுடருக்கே இயலும். எனவே எரிபொருளை அகற்றவேண்டும். அந்த இரு பெண்களும் மண்வெட்டியால் செய்தது அதுவே. தோட்டத்து லயங்களில் மண்வெட்டி, முள்ளு, அலவாங்கு, கவ்வாத்துக் கத்தி எல்லாம் இருக்கின்றன. மருந்தடிக்கும் தோள் டாங்கியில் நீர் நிரப்பினால் கனலும் கட்டைகளை அணைக்க அது நல்ல கருவி. களைநாசினிக்குப் பயன்பட்ட டாங்கியை மட்டும் தவிர்த்து, தனியாக இரண்டை ஒதுக்கி வைக்கவேண்டும். தடித்த நனைத்த சாக்கு, நீண்ட காம்பில் பொருத்திய இறப்பர்த் துண்டு, குடிநீர்க் கலன், ஊதல், கைவிளக்கு ஆகியவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. அணியும் உடை பருத்தியாக இருக்கவேண்டும். நைலோனும் பொலியெஸ்ரரும் உருகித் தோலோடு ஒட்டும்.

கருவியிலும் பெரிது காலம். தீத்தடுப்புக் கோட்டைப் புகை கண்டபின் வெட்டத் தொடங்குவது அரைப்பலனே தரும். ஊவாவில் வைகாசியிலும், மேற்குச் சரிவில் மார்கழியிலும், புல் பச்சையாக இருக்கும்போதே அது முடிந்திருக்கவேண்டும். அந்த வேலைக்குக் கூலி கொடுத்து அயலிலுள்ளவர்களையே அமர்த்தினால், கோடு எங்கே போகிறது என்பது தீ வரும் இரவில் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். கருவியைப் பூட்டிய களஞ்சியத்தில் வைத்து, திறப்பை இருபது மைல் தொலைவிலுள்ள அலுவலகத்தில் வைத்திருந்தால் பயனில்லை.

குரங்கணி

விதி தெரியாமலும் தெரிந்தவர் அருகில் இல்லாமலும் மலையேறுவதன் விலையை 2018 இல் தமிழுலகம் முழுவதும் அறிந்தது. மார்ச் 11 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்திருந்த இரு மலையேற்றக் குழுக்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது காட்டுத்தீயில் சிக்கின. காய்ந்த புல் நிறைந்த சரிவு, பலத்த காற்று. மருத்துவமனைகளில் பின்னர் இறந்தோரையும் சேர்த்து 23 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் இளம் வயதினர். அப்பாதைக்கு உரிய அனுமதி பெறப்படவில்லை என்று அரசு கூறியது. விசாரணைக்கு அதுல்ய மிஸ்ரா என்ற மூத்த அதிகாரி நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழக அரசு வெளியிட்டது.

அச்செய்தியைப் படித்த நாட்களில் நான் ஹந்தானையில் கழிந்த எங்கள் நாளையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்களும் ஆறு இளைஞர்களே. எங்களுக்கும் அதே வயது, அதே உற்சாகம். தீ எங்கள் பக்கம் திரும்பியிருந்தால் எங்கே ஓடுவதென்று எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

மலைத்தீயின் இயல்பு சமவெளித் தீயினின்றும் வேறானது. சுடர் சரிவை நோக்கிச் சாய்ந்து, மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே சூடேற்றி உலர்த்துவதால் தீ மேல்நோக்கி மிக விரைவாக ஓடும். மனிதனோ மேட்டில் ஏறும்போது வேகம் குறைவான். ஆகவே தீக்கு மேலே நிற்கக்கூடாது. தீக்கு மேலாக ஏறி ஓடவும் கூடாது. பக்கவாட்டில் விலகவேண்டும், பாறையோ வெறும் மண்ணோ ஏற்கெனவே கரிந்துபோன நிலமோ உள்ள இடத்தை நாடவேண்டும். எரிந்த நிலம் மீண்டும் எரியாது. 1949 இல் மொன்ரானாவின் மான் கல்ச் பள்ளத்தாக்கில் 13 தீயணைப்பாளர் மாண்டபோது, அவர்களின் தலைவர் வாக்னர் டொட்ஜ் தம் முன்னேயிருந்த புல்லுக்குத் தாமே தீ வைத்து, அந்தக் கரிந்த நிலத்தில் குப்புறப் படுத்து உயிர் தப்பினார். கூட வந்தோரையும் அழைத்தார். அவர் என்ன செய்கிறார் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. 1957 இல் அமெரிக்க வனச்சேவை வகுத்த பத்துக் கட்டளைகளுக்கு இத்தகைய இழப்புகளே அடிப்படை. தப்பும் வழியை முதலே அறிந்திரு, காவலுக்கு ஒருவரை நிறுத்து என்பன அவற்றுள் அடங்கும்.

குரங்கணியில் தீயில் சிக்கியோரை மீட்க முதலில் மேலே ஓடியவர்கள் உள்ளூர் மக்கள். விமானப்படையின் உலங்குவானூர்திகள் பின்னரே வந்தன. ஹந்தானையில் அந்த இரவில் நின்றவர்களும் அத்தகையோரே. கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் 2020 பெப்ரவரியில் கொற்றம்பத்தூர்க் காட்டுத்தீயில் இறந்த மூவரும் வனக்காவலர்கள். எங்கும் முதல் வரிசையில் நிற்பவர் மிகக் குறைந்த ஊதியம் பெறுபவர். அவர்களுக்குச் சப்பாத்துக்கூட ஒழுங்காக வழங்கப்படுவதில்லை என்பது நான் நேரிற் கண்டது. எந்த நாட்டில், எந்த அலுவலகத்தில் என்பதை விட்டுவிடுகிறேன். பல இடங்களுக்கும் அது பொருந்தும்.

மீண்டும் ஹெந்தளைக்கு

சதுப்பு நிலத்துக்கு வருவோம். 2015 இல் இந்தோனேசியாவில் ஏறத்தாழ 26 இலட்சம் எக்டேர் காடும் முற்றா நிலக்கரி நிலமும் எரிந்தன. அந்தப் புகையில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பாடசாலைகள் மூடப்பட்டன. அங்குள்ள வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. எல்லை கடந்த புகைமூட்டம் பற்றிய ஆசியான் உடன்படிக்கை 2002 இல் கோலாலம்பூரில் கைச்சாத்தானது. புகையின் பிறப்பிடமான இந்தோனேசியா அதை ஏற்று உறுதிசெய்தது 2014 இலேயே. பேரழிவின் பின் அந்த நாடு கண்டுகொண்ட முதன்மையான வழி தீயணைப்பு ஊர்தியன்று. தோட்டங்களுக்காக வெட்டிய வடிகால்களுக்குக் குறுக்கே சிறு அணைகளைக் கட்டி, நிலத்தை மீண்டும் நனைத்து வைப்பதே அது.

எங்கள் முத்துராஜவெலவுக்கும் கால்வாய்களால் ஆன வரலாறு உண்டு. கோட்டை அரசர் காலத்திலிருந்தே இப்பகுதியில் நீர்வழிகள் வெட்டப்பட்டன. நெல் விளைந்த வயல்களுக்குள் கால்வாய் வழியே உவர்நீர் ஏறி அவற்றைக் கெடுத்தது என்பர். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் மீண்டும் நெல் விளைவிக்க முயன்றார்கள்; ஹமில்டன் கால்வாய் 1800களின் தொடக்கத்தில் வெட்டப்பட்டது. 1996 இல் சதுப்பின் வடபகுதி சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. தென்பகுதியில் மண் நிரப்பி எழுந்த தொழிற்றுறைக் கட்டடங்களையும் குப்பை மேட்டையும் ஹெந்தளையிலிருந்து வடக்கே செல்லும் எவரும் காணலாம். நிரப்பும் ஒவ்வொரு காணியும் நீர் ஓடும் வழியை மாற்றுகிறது. நீர் வராத இடம் உலர்கிறது. உலர்ந்த இடம் எரிகிறது. இங்கு தீத்தடுப்புக் கருவி என்பது மதகுக் கதவும் தூர்ந்துபோகாத கால்வாயுமே.

அயலவரிடம் பின்னொரு நாள், "அப்படியென்றால் கீழே எரிவதை எப்படித்தான் அணைப்பது?" என்று கேட்டேன். "சுத்திவரக் கான் வெட்டித் தண்ணிய உள்ள விடணும் தம்பி. இல்லாட்டி மழை வரணும்" என்றார். எத்தனையோ தடவை புகை வந்திருக்கிறது; எந்த அதிகாரியாவது அவரிடம் வந்து இதைக் கேட்டதுண்டா என்றும் விசாரித்தேன். அவர் சிரித்தார். "ஆரு தீ வச்சதெண்டுதான் கேட்டாங்க" என்றார்.

1885 இலிருந்து இன்றுவரை எங்கள் தீத்தடுப்புச் சட்டம் கேட்டுவரும் கேள்வி அதுவே. அந்தக் கேள்வியும் வேண்டியதுதான். வேண்டுமென்றே எரிப்பவன் தண்டனை பெறவேண்டும். ஆனால் தண்டனை தீ எரிந்து முடிந்த பின்னர் வருவது. எரியுமுன் செய்யவேண்டியவற்றை அறிந்தவர்கள் லயத்திலும் கால்வாய்க் கரையிலும் இருக்கிறார்கள். அவர்களைச் சந்தேகப்பட்டியலிலிருந்து எடுத்து, கூலியும் கருவியும் மரியாதையும் கொடுத்துக் காவற்பட்டியலில் சேர்ப்பதற்குப் புதிய கட்டளைச் சட்டம் தேவையில்லை.

மலைக்குப் போகும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. வறண்ட காலத்தில் காட்டில் அடுப்பு மூட்டாதீர்கள். தீ கண்டால் நீங்கள் வீரம் காட்டவேண்டாம். முதலில் விலகுங்கள், பின் 117 என்ற அனர்த்த முகாமைத்துவ நிலைய இலக்கத்துக்கு அழையுங்கள். அனுமதியுள்ள இடத்தில் மூட்டியே ஆகவேண்டுமென்றால், திரும்பும்போது நீரூற்றிக் கிளறுங்கள், மீண்டும் ஊற்றுங்கள். அதன்பின் சாம்பலில் கை வையுங்கள். பேராதனையில் நான் கற்ற பாடங்களுள் அதிகம் மறக்காமல் இருப்பது இதுவே. ஆனால் அதை ஒரு நாள் தாமதமாகக் கற்றேன்.